வெளி வரிசைக் குதிரை

அத்தியாயம் 6

வெரா குபியாக் குதிரையின் மேல் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முகம் வாலைப் பார்த்து இருந்தது.

"பாஸ், குதிரைக்கே சந்தேகம் வந்துடுச்சு," என்றான் ஓட்டிஸ். "திரும்பித் திரும்பிப் பார்க்குது."

"மரக்குதிரைடா."

"அதுக்கே சந்தேகம்னா பாருங்களேன்."

வெரா துப்பறிபவள். ஓட்டிஸ் அவளுடைய உதவியாளன். நாற்பது வயது. தன் எடையைப் பற்றி மட்டும் பேசமாட்டான். பின்னால் இருந்த குதிரையில் அவன் ஏறியதும் பலகை முனகியது.

ஞாயிற்றுக்கிழமை. ஏரியிலிருந்து வந்த மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் மரக்குதிரைகள் செதுக்கிய பட்டறை அது. இப்போது அருங்காட்சியகம். ஒரு கூடம், ஒரு ராட்டினம், சுவரோரம் பெரிய இசைப்பெட்டி. பக்கத்து அறையில் தலை ஒட்டாத குதிரைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வளையம் விடுவார்கள். அன்று கூட்டம் வரும்.

ராட்டினத்துக்கு வெளியே ஒரு கம்பம். அதிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டிருக்கும். அதன் வாயில் ஒரு வளையம். வெளி வரிசைக் குதிரையில் போகிறவர்கள் சாய்ந்து, விரலை மாட்டிப் பறிக்கலாம். பறித்ததும் அடுத்தது வந்து நிற்கும். எல்லாம் இரும்பு. ஒன்றே ஒன்று பித்தளை. அது கிடைத்தவருக்கு இன்னொரு சவாரி இலவசம். படமெடுத்துச் சுவரில் குத்துவார்கள்.

ஜூன் மாதம் பித்தளை கிடைத்தவன் ரோமன் குபியாக். வெராவின் தம்பி.

வழக்கே அதுதான்.

மார்ச்சில் கிடங்கில் பாரம் சரிந்து ரோமனின் வலது தோள் கிழிந்தது. கை தோளுக்கு மேலே எழாது. அறுவை சிகிச்சை செய்தால் எழும், தள்ளிப் போட்டால் அப்படியே வாடிவிடும் என்றார் மருத்துவர். காப்பீட்டு நிறுவனம் யோசித்துக்கொண்டிருந்தது. அப்போது அருங்காட்சியகத்தின் மாதப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. மார்பு வரைக்கும் வெட்டிய படம். ரோமன் சிரிக்கிறான். உயர்த்திய இடது கையில் பித்தளை வளையம்.

நிறுவனம் யோசிப்பதை நிறுத்தியது. ராட்டினம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. குதிரையில் உட்கார்ந்தவருக்கு வளையம் எப்போதும் வலது பக்கம். படத்தில் எந்தக் கையில் வைத்திருந்தால் என்ன, பறித்தது வலது கை. எழாத கை.

செவ்வாய்க்கிழமை விசாரணை. தோற்றால் அறுவை சிகிச்சை இல்லை.

வெரா தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "திரும்பி உக்காந்திருந்தியா?"

திரும்பி உட்கார்ந்தால் வளையம் இடது பக்கம் வரும். இடது கையால் பறிக்கலாம். இடது கையிலேயே வைத்துக்கொண்டு படத்துக்கு நிற்கலாம்.

"ஆமா," என்றான் ரோமன். மகள் டோரி பின்னால் இருந்த குதிரையில் இருந்தாளாம். அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தானாம். அப்படியே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தான்.

முடியும் என்று நானே செய்து காட்டுகிறேன், என்னைச் சாட்சியாகப் போடுங்கள் என்றாள் வெரா. வக்கீல் போட்டார்.

கம்பிக்கு வெளியே, எதிர்த்தரப்பு ஆள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெயர் ஹால்வர்சன். நிறுவனத்துக்காக விசாரிப்பவர். ஆல்பனியிலிருந்து காரில் வந்திருந்தார். நனைந்த கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா மேடம்?"

"ஆரம்பிங்க சார்."

மணி அடித்தது. இசைப்பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டு பாட ஆரம்பித்தது.

முதல் சுற்றில் வெரா தவறவிட்டாள். இரண்டாவதிலும். இரும்புக் கை முதுகுப் பக்கமிருந்து வந்தது. வருவது தெரியவில்லை.

"அத்தை! இப்ப! இப்ப!" கம்பியோரம் டோரி குதித்தாள். வயது ஆறு. இந்த ராட்டினத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

"பாஸ், குழந்தை சொல்றதைக் கேளுங்க. எனக்கு வயித்தைக் கலக்குது," என்றான் ஓட்டிஸ்.

அடுத்த சுற்றில் வெரா இடது கையைப் பின்னோக்கி நீட்டினாள். விரலில் ஏதோ மாட்டியது. இழுத்தது. கையோடு வந்துவிட்டது.

இரும்பு வளையம். ஆனாலும் வளையம்.

டோரி கத்தினாள். ரோமனின் மனைவி டெனிஸ் கண்ணைத் துடைத்தாள். ரோமன் சிரிக்கவில்லை. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

ராட்டினம் நின்றது. ஹால்வர்சன் போனை இறக்கினார்.

"முடியுது," என்றார். "எழுதிக்கிறேன்."

"அவ்வளவுதானா சார்?"

"பார்த்ததை எழுதறதுதான் மேடம் என் வேலை. இதைப் பார்த்தேன்."

நல்ல மனிதர். அதுதான் பின்னால் கஷ்டமாகப் போயிற்று.

*

நுழைவாயில் அருகே இரண்டு மேசை போட்டிருந்தார்கள். டெனிஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். உப்புத் தூவிய ரொட்டிக்குள் மாட்டிறைச்சி, மூக்கைச் சுடும் முள்ளங்கி விழுது.

"அண்ணி, நீங்க ரெண்டு எடுத்துக்கணும். இன்னைக்கு உங்களுக்குத்தான்."

"முதல்ல செவ்வாய்க்கிழமை போகட்டும்."

"போயாச்சு பாஸ்," என்றான் ஓட்டிஸ். அவள் பறித்த வளையத்தை வாங்கிக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டான். "ஆல்பனிக்காரரே ஒத்துக்கிட்டார். இனிமே நீதிபதி தூங்கினாக்கூட ஜெயிப்போம்."

டெனிஸ் சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு சிரிக்கிறாள் என்று வெராவுக்குத் தோன்றியது. ரோமன் இடது கையால் ரொட்டியைப் பிடித்திருந்தான். கடிக்கவில்லை.

"சாப்பிடுடா."

"பசிக்கல அக்கா."

வெரா காகிதத்தில் விரலைத் துடைத்தாள். போகவில்லை. இடது ஆள்காட்டி விரலில் கருப்பு. நகத்திலிருந்து இரண்டாவது கணு வரைக்கும். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். பளபளப்பு கூடியது.

"அது போகாது கண்ணு," என்றார் மிசஸ் ஷூல்ட்ஸ். சீட்டுக் கொடுப்பவர், மணி அடிப்பவர், படம் எடுப்பவர், எல்லாம் அவர்தான். "கிராஃபைட் தூள். வளையம் சறுக்கி வரணும்ல? உன் காலத்துல கிரீஸ் போட்டோம். அது துணியில போயிடும். போன வருஷத்துலேர்ந்து இதான். ரெண்டு மூணு நாள் இருக்கும்."

ஓட்டிஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. "எனக்கு ஒட்டலையே. நானும் வளையத்தைத்தானே வெச்சிருக்கேன்."

"வளையத்தைத் தொட்டா ஒட்டாது தம்பி. இரும்புக் கையோட வாய்ல விரல் உரசணும். பறிச்ச விரலுக்கு மட்டும்தான்."

"பறிச்சவ திருடி, வாங்கினவன் யோக்கியன். நம்ம ஊர் சட்டம் மாதிரியே இருக்கு," என்றான் ஓட்டிஸ். ரொட்டியைக் கடித்தான்.

வெரா கை கழுவப் போனாள்.

*

குழாய்க்குப் போகும் வழியில்தான் அந்தச் சுவர். பித்தளை வளையம் கிடைத்தவர்களின் படங்கள். வெரா நின்றது தம்பியின் படத்தைப் பார்ப்பதற்காக. பத்திரிகையில் வந்தது வெட்டிய படம். முழுப் படத்தை அவள் பார்த்ததில்லை.

முதலில் மற்ற படங்கள் கண்ணில் பட்டன. ஒரு தாத்தா, ஒரு கல்யாணப் பெண், இரட்டைப் பிள்ளைகள், ஒரு தபால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் வளையத்தை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

எல்லோரும் இடது கையில்.

இத்தனை பேரும் திரும்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பின்னால் மிசஸ் ஷூல்ட்ஸ் காகிதத் துண்டுகளோடு வந்தார்.

"ஏன் எல்லாரும் இடது கையில பிடிச்சிருக்காங்க?"

"நான்தான் மாத்தச் சொல்லுவேன். பறிச்ச கை கரியா இருக்கும்ல? படத்துல அசிங்கமாத் தெரியும். சுத்தமான கையில தூக்கு, கரிக் கையை மறைன்னு சொல்லுவேன்."

காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெரா தம்பியின் படத்துக்கு வந்தாள். உயர்த்திய இடது கை. விரல்கள் வெளிச்சத்தில் தெளிவாக இருந்தன. ஒரு பொட்டுக் கருப்பு இல்லை.

படத்தின் கீழ்ப்பாதியில் டோரி. மஞ்சள் மழைக்கோட்டு. இரண்டு கையாலும் ஐஸ் குச்சியைப் பிடித்திருந்தாள். அந்த விரல்களும் சுத்தம். ரோமனின் வலது கை அவளுடைய முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

டோரியின் வலது தோளில் ஒரு கருப்புக் கோடு. மேலிருந்து கீழே இழுத்தது போல. ஒரு பெரிய ஆளின் விரல் அகலம்.

வெரா தன் விரலைப் படத்தின் அருகே கொண்டுபோனாள். அதே கருப்பு. அதே பளபளப்பு.

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் காரின் கதவில் விரல் நசுங்கியபோது, அப்பா பார்க்கக்கூடாது என்று சிரித்த சிரிப்பு.

*

தலையில்லாத குதிரைகளின் அறைக்கு அவனைக் கூட்டிப் போனாள்.

"டோரியோட தோள்ல இருக்கறது யாரோட விரல்டா?"

ரோமன் ஒரு குதிரையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான்.

"ரோமன்."

"வளையம் யாருக்கு வேணும் அக்கா?" என்றான். "நான் சவாரியே பண்ணல. அவ பக்கத்துல, உள்பக்கம் நின்னேன். அவ வளையத்துக்குச் சாஞ்சா. இடுப்பு வார் அவுந்துடுச்சு. தலை கீழ போகுது. கை போச்சு. நான் போகச் சொல்லல. அதுவாப் போச்சு."

"வலது கை."

"அவளுக்கு மேல போச்சு. அந்த இரும்புல என்னமோ இடிச்சுது. விரல்ல மாட்டுச்சு. உதறக்கூட நேரமில்ல. அவ தோளைப் பிடிச்சு இழுத்தேன். நின்னதும் பார்த்தா எல்லாரும் கை தட்டறாங்க."

"அப்புறம்?"

"படம் எடுக்கணும்னாங்க. சிரின்னாங்க. மறுநாள் காலைல ஸ்பூனைத் தூக்க முடியல. டெனிஸ் ஊட்டிவிட்டா."

"இதையே சொல்லியிருக்கலாமேடா."

"ஒரே ஒரு தடவை எழும்புச்சு, முன்னாடியும் எழும்பல, பின்னாடியும் எழும்பலன்னா எவன் நம்புவான்? நீ நம்பியிருப்பியா? ஊர்ல இருக்கற பொய்யைக் கண்டுபிடிக்கறதுதானே உன் பொழப்பு?"

வெரா கருப்பு விரலைக் காகிதத்தால் தேய்த்தாள்.

"நான் பொய் யோசிக்கவே இல்ல அக்கா. என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். நீதான் கேட்ட. திரும்பி உக்காந்திருந்தியான்னு. அவ்வளவு அழகாக் கேட்ட. ஆமான்னுட்டேன்."

மழை பலத்தது.

"செவ்வாய்க்கிழமை என்னையும் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க," என்றாள் வெரா. "மியூசியத்துல என்ன பார்த்தேன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவ?"

அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் செய்த சத்தியம் பொய். கை போகும். சொல்லாவிட்டால் அவள் செய்யும் சத்தியமும் பொய். திரும்பி உட்கார்ந்து அவள் காட்டிய வித்தை, போட்ட முடிச்சை இன்னும் இறுக்கித்தான் இருந்தது.

*

வெளியே வந்தபோது ஓட்டிஸ் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவன் ஐந்தாவதை எதிர்பார்த்தான். ஐந்தாவது இல்லை.

"அந்தப் படத்தை நான் எடுத்துடறேன் பாஸ். தற்செயலா அது மேல சாஞ்சு, தற்செயலாச் சாப்பிட்டுடறேன்."

"வேண்டாம்."

"விழுது தடவிக்கிட்டா இறங்கிடும்."

"அது சாட்சியம்டா. தொடக்கூடாது. நானும் தொடமாட்டேன்."

"அப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

ஹால்வர்சன் கோட்டை மாட்டிக்கொண்டு சுவரின் முன்னால் நின்றிருந்தார். புறப்படும் முன் ஒரு பார்வை. ரோமனின் படத்தைத்தான் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

வெரா கருப்பு விரலை மடக்கிக்கொண்டாள்.

"அழகான குழந்தை," என்றார். "கோட்டுல சாக்லேட் கொட்டிக்கிச்சு போல."

நிமிர்ந்தார். பொத்தானைப் போட்டார்.

"அவர் விரல் சுத்தம் பாஸ்," என்று ஓட்டிஸ் காதில் சொன்னான். "வளையம் பறிச்சிருந்தாத்தான் அந்தக் கருப்பு என்னன்னு தெரியும். ஆல்பனியில ஏது ராட்டினம்? போகட்டும். போயிட்டே இருக்கட்டும்."

ஹால்வர்சன் கதவு வரைக்கும் போய்விட்டார்.

"ஏங்க!" என்றார் மிசஸ் ஷூல்ட்ஸ். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்துட்டு சவாரி பண்ணாமப் போறீங்களா? இந்தாங்க சீட்டு. காசெல்லாம் வேண்டாம்."

"பரவாயில்லைங்க. மழையில ரொம்ப தூரம் போகணும்."

"அங்கிள், வாங்க!" டோரி அவருடைய கையைப் பிடித்தாள். "நான் சொல்லித் தரேன். வெளிக் குதிரையில உக்காரணும். இல்லாட்டி எட்டாது."

ஹால்வர்சன் குழந்தையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"ஒரே ஒரு தடவை," என்றார்.

வெரா வாயைத் திறந்தாள். தடுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சுவரில் இருந்தது. வாயை மூடினாள்.

ஹால்வர்சன் வெளி வரிசையில் ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறினார். முன்னோக்கி உட்கார்ந்தார். எல்லோரும் உட்காருவது போல.

"பாஸ், வழி இருக்கு," என்றான் ஓட்டிஸ். "அவருக்கு முன்னாடி குதிரையில நான். வர்ற வளையத்தையெல்லாம் நானே பறிச்சுடறேன். அவருக்கு ஒண்ணும் மிஞ்சாது."

வெரா ஏதும் சொல்வதற்குள் ஓடிப்போய் ஏறிவிட்டான். மணி அடித்தது.

முதல் சுற்று. ஓட்டிஸ் பறித்தான். ஹால்வர்சன் நீட்டினார். எட்டவில்லை.

"நல்லா சாயணும் அங்கிள்!" டோரி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

ரோமன் மகளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவனும் புரிந்துகொண்டான். டெனிஸுக்கு இன்னும் தெரியாது. மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுற்று. ஓட்டிஸ் பறித்தான். அடுத்த வளையம் வழுக்கி வந்து நின்றது. ஹால்வர்சனின் விரல் அதைத் தட்டிவிட்டுப் போயிற்று.

ஒவ்வொரு தடவையும் அவர் மறைந்தார். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். வெரா கம்பிக்கு வெளியே நின்றாள். இப்படி ஒரு வேலையை அவள் செய்ததே இல்லை. பார்ப்பது மட்டும்.

"அத்தை, நீங்களும் கத்துங்க! அவருக்குப் பயமா இருக்கு!"

"நீ கத்து கண்ணு."

ஓட்டிஸின் விரல்களில் இரும்பு வளையங்கள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். கூட்டம் சிரித்தது. ஹால்வர்சனும் சிரித்தார். அவருடைய தலைமுடி கலைந்திருந்தது. வயது குறைந்தது போலிருந்தார்.

இசை தளர்ந்தது. கடைசிச் சுற்று. வேகம் குறைந்தது. வேகம் குறைந்தால் பறிப்பது சுலபம். ஓட்டிஸ் கடைசி இரும்பு வளையத்தை இழுத்தான். வெற்றியோடு திரும்பிப் பார்த்தான்.

இரும்புக் கையின் வாயில் அடுத்தது வந்து நின்றது. மஞ்சளாக மின்னியது.

"அங்கிள்! பித்தளை!"

ஹால்வர்சன் சாய்ந்தார். நன்றாகச் சாய்ந்தார். வலது கையை முழுதாக நீட்டினார்.

கூடம் முழுக்கக் கை தட்டியது. டெனிஸும் தட்டினாள்.

ஓட்டிஸ் இறங்கி வந்தான். வலது கை விரலெல்லாம் கருப்பு. "பாஸ்," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் வாயடைத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இங்க வாங்க, இங்க வாங்க!" மிசஸ் ஷூல்ட்ஸ் கேமராவோடு ஹால்வர்சனைச் சுவரின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "இப்படி நில்லுங்க. ஐயோ, அந்தக் கை வேண்டாம், கரியா இருக்கு. வளையத்தை மாத்திக்கோங்க. இடது கையில தூக்குங்க. கரிக் கையைப் பின்னாடி மறைங்க. ஆங். சிரிங்க."

ஹால்வர்சன் வளையத்தை இடது கைக்கு மாற்றினார். உயர்த்திப் பிடித்தார். சிரித்தார்.

ஃபிளாஷ் அடித்தது.

பிறகு வலது கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். இடது கையில் இருந்த வளையத்தைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து இறங்கியது.

சுவரின் பக்கம் திரும்பினார்.

ரோமனின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. வெரா அதைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

டோரி ஓடிப்போய் ஹால்வர்சனின் கோட்டை இழுத்தாள்.

"அங்கிள், பித்தளை கிடைச்சா இன்னொரு ரவுண்டு ஃப்ரீ! வாங்க!"

அவர் திரும்பவில்லை.